வெயிலில் மாண்டவர்களுக்கு விசாரணை எங்கே?

வெள்ளம் வந்தால் ஊர் கூடுகின்றது. புயல் அடித்தால் மந்திரிமார் பொதி சுமந்து வருகின்றனர். புகைப்படக்காரரும் உடன் வருகின்றனர். வெயிலில் ஒருவன் சுருண்டு விழுந்து மாண்டாலோ அவன் வீட்டார் மட்டுமே அழுகின்றனர். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் "மாரடைப்பு" என்று ஒரு சொல் விழுகின்றது. அத்துடன் வழக்கு முடிகின்றது. கூரையைப் பெயர்க்காமல், பாலத்தை உடைக்காமல், ஓசையின்றி வந்து உயிர் குடிக்கும் இந்தக் கொலைகாரனைப் பற்றி எந்தப் பாராளுமன்றத்திலும் ஒத்திவைப்புப் பிரேரணை வருவது அரிது.

ஆனால் தொகையைக் கேளுங்கள். 2000 ஆம் ஆண்டு முதல் 2019 ஆம் ஆண்டு வரை உலகெங்கும் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 4 இலட்சத்து 89 ஆயிரம் பேர் வெப்பத்தின் காரணமாக மாண்டனர் என்று 2021 இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. குளிரினால் மாள்வோர் தொகை இதனிலும் பல மடங்கு பெரிது என்று அதே ஆய்வு கூறுகின்றது. அதை எடுத்துக்காட்டி, "வெயிலைப் பற்றி ஏன் இத்தனை கவலை?" என்று கேட்கும் புத்திசாலிகள் சிலர் உளர். அயலூரில் கொலை அதிகம் என்று சொல்லித் தன்னூர்க் கொலையை விசாரியாமல் விடும் பொலிஸ்காரனை நாம் ஏற்போமா?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று ஒரு பெருஞ் சண்டை நடக்கின்றது. "அமெரிக்கன் வீட்டில் குளிரூட்டி வைத்திருக்கிறான், பிழைக்கிறான்; ஐரோப்பியன் அதனைப் பழித்துக்கொண்டு சாகிறான்" என்கின்றது ஒரு கட்சி. "குளிரூட்டி ஆடம்பரம், அது உலகை மேலும் சூடாக்கும்" என்கின்றது மறு கட்சி. 2025 ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சில் இது கட்சி அரசியலாகவே மாறியது. நாடு முழுவதற்கும் குளிரூட்டித் திட்டம் வேண்டுமென வலதுசாரித் தலைவி மரீன் லெ பென் முழங்கினார். பசுமைக் கட்சியினர் எதிர்த்து நின்றனர். இரு தரப்பாரும் எண்களை எடுத்து வீசினர்.

இந்தச் சண்டை நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். நாளை இதே இரு வாதங்களும் நம் வாசலில் வந்து நிற்கும். அன்றைக்கு எந்த வாதத்தையும் கண்மூடி ஏற்காதிருக்க வேண்டுமாயின், இன்றே இரு தரப்புச் சாட்சிகளையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும்.

எண்ணும் முறையில் உள்ள சூது

முதற் சாட்சி எண். 2022 ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவின் 35 நாடுகளில் 61,672 பேர் வெப்பத்தால் மாண்டனர். இத்தாலியில் மட்டும் 18,010, ஸ்பானியாவில் 11,324, ஜேர்மனியில் 8,173. ஐக்கிய அமெரிக்காவிலோ 2023 இல், அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே உச்சமாக, 2,325 பேர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, "பார், இருபத்தாறு மடங்கு!" என்று கூவுகின்றனர்.

கனம் நீதிபதி அவர்கள் முன்னிலையில் இந்தச் சாட்சியம் ஐந்து நிமிடமும் நில்லாது. ஏனெனில், அமெரிக்க எண் மரண அத்தாட்சிப் பத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டது. வைத்தியரோ மரண விசாரணை அதிகாரியோ "வெப்பம்" என்ற சொல்லை எழுதியிருந்தால் மட்டுமே அது கணக்கில் ஏறும். ஐரோப்பிய எண் வேறு வழியில் வந்தது. வெப்பநிலை ஏற ஏற வாரந்தோறும் மரணங்கள் எவ்வளவு கூடுகின்றன என்று பார்த்து, அந்த உறவிலிருந்து மதிப்பிட்ட தொகை அது. ஒரு தட்டில் ஒப்புதல் வாக்குமூலம்; மறு தட்டில் சூழ்நிலைச் சான்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது எந்த ஊர் நியாயம்?

பத்திரத்தில் அந்தச் சொல் ஏன் விழுவதில்லை என்பதைக் கமக்காரரும் அறிந்துகொள்ள வேண்டும். உடல் சூடேறும்போது இருதயம் இரத்தத்தைத் தோலுக்குத் தள்ளுகின்றது. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கின்றது. காற்றிலே ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. வழிந்தோடும், பயன் தராது. அப்போது இருதயம் மேலும் மேலும் உழைக்கின்றது. உடலில் நீர் வற்றுகின்றது, சிறுநீரகம் நலிகின்றது. இளைஞன் தாங்குவான். எழுபது வயதுக் கிழவனின் தளர்ந்த இருதயம் நின்றுவிடும். அவன் இறந்தது மாரடைப்பினால் என்று எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் முழு உண்மையும் ஆகாது. கத்தியால் குத்துண்டு மாண்டவனைப் பற்றி "இரத்தம் வெளியேறியதால் மரணம்" என்று எழுதி, கத்தியை விட்டுவிடுவது போன்றதே அது.

ஒரே முறையில் எண்ணினால் என்ன வரும்? அமெரிக்காவில் மக்கட்டொகையின் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கினர் வாழும் 297 மாவட்டங்களில், 1997 முதல் 2006 வரை ஆண்டுதோறும் சுமார் 5,600 பேர் வெப்பத்தால் மாண்டிருப்பர் என்று புள்ளிவிபர முறையில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பத்திரம் சொன்னதை விடப் பல மடங்கு! அப்படியாயினும், மக்கட்டொகைக்கு ஏற்பப் பார்த்தால் ஐரோப்பாவின் 2022 ஆம் ஆண்டுத் தொகை இன்னமும் மேலேயே நிற்கின்றது. ஆண்டுகள் வேறு, ஆய்வுகள் வேறு; ஆகவே இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆயினும் திசை தெரிகின்றது. இருபத்தாறு மடங்கு என்பது மிகை. வேறுபாடே இல்லை என்பதும் தவறு. ஏதோ ஒன்று அமெரிக்கனைக் காத்திருக்கின்றது.

பொறி காத்தது மெய்யே

அந்த ஒன்று குளிரூட்டிதான் என்பதற்குச் சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வெப்பம் மிகுந்த நாள்களில் நேர்ந்த மரணங்களைப் பொருளியலறிஞர் ஐவர் ஆராய்ந்து 2016 இல் முடிவு வெளியிட்டனர். அத்தகைய நாளொன்று உண்டாக்கும் மரண ஆபத்து 1960 க்குப் பின் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்துவிட்டது என்றும், அக்குறைவில் மிகப் பெரும்பகுதிக்கு வீடுகளிற் குளிரூட்டி பரவியதே காரணம் என்றும் அவர்கள் கண்டனர். மின்சாரமோ வைத்தியர் தொகையோ அந்த அளவுக்கு விளக்கந் தரவில்லை.

மறுபுறச் சான்று கனடாவில் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் குளிர்ப் பிரதேசம். அங்கே குளிரூட்டி வேண்டுமென்று பலர் நினைத்ததில்லை. 2021 யூன் இறுதியில் லிற்றன் என்ற சிற்றூரில் 49.6 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அந்தச் சில நாள்களில் மாகாணத்தில் 619 பேர் வெப்பத்தால் மாண்டனர் என்று மரண விசாரணை அலுவலகம் அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 98 பேர் மாண்டது வெளியிலே அன்று, கூரையின் கீழே. மூன்றில் இரு பங்கினர் எழுபது வயதைக் கடந்தோர். பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தோர். வீட்டினுள் இருப்பவனுக்கு வெயில் என்ன செய்யும் என்று கேட்போர் இந்த அறிக்கையைப் படிக்கட்டும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்வோம். இந்தப் பொறி 1902 இல் வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளரால் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றுக்காக வடிவமைக்கப்பட்டது. ஈரக் காற்றினால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதனைத் தடுக்கவே பொறி பிறந்தது. மனிதன் வியர்த்தான் என்று எவரும் கண்டுபிடிக்கவில்லை. காகிதம் கெட்டது என்றே கண்டுபிடித்தனர்! பண்டத்துக்கு முதலிடம், மனிதனுக்குப் பின்னிடம் என்ற அந்த ஒழுங்கு நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் பல நாடுகளில் மாறவில்லை. பணம் எண்ணும் மண்டபம் குளிர்கின்றது. பிள்ளை பெறும் விடுதி வேகின்றது.

பொறி மட்டும் போதுமா?

குளிரூட்டிக் கட்சியார் இந்த இடத்தில் கைதட்டி எழுந்து செல்ல விரும்புவர். சற்றே அமரட்டும், குறுக்கு விசாரணை முடியவில்லை.

2003 ஓகஸ்டில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டனர். ஐரோப்பா முழுவதிலும் அந்தக் கோடையில் 70,000 க்கு மேற்பட்டோர். நாடு விடுமுறையில் இருந்தது. சுகாதார மந்திரி விடுமுறை இல்லத்தில் இருந்தபடியே தொலைக்காட்சிக்குப் பேட்டி அளித்தார். சுகாதாரப் பணிப்பாளர் நாயகம் பதவி துறந்தார். பாரிசுக்கு அருகே தியே மயானத்தில், உரிமை கோர எவரும் வராத 57 உடல்கள் புதைக்கப்பட்டபோது சனாதிபதி சிராக் நேரில் வந்து நின்றார்.

அதன் பின் பிரான்சு செய்தது என்ன? வீட்டுக்கு வீடு குளிரூட்டி வழங்கிற்றா? இல்லை. 2004 இல் வெப்ப அலைக்கென்று தேசியத் திட்டம் வகுத்தது. தனித்து வாழும் முதியோர் பெயரை நகரசபைகள் பதிவேட்டில் எழுதிவைக்கச் சட்டம் இயற்றியது. முதியோர் இல்லம் ஒவ்வொன்றிலும் குளிரூட்டிய அறை ஒன்றேனும் இருக்க வேண்டுமென விதித்தது. இதற்கெல்லாம் பொருள் வேண்டுமே! உழைப்பாளர் ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியமின்றி மேலதிகமாக உழைத்து, அதன் பயனை முதியோர்க்கும் உடற்குறையுள்ளோர்க்கும் அளிக்கும் முறையைச் சட்டமாக்கியது. பெந்தகொஸ்தே திங்கள் விடுமுறையையே அதற்கு நாளாகக் குறித்தது. 2006 யூலையில் மீண்டும் வெப்ப அலை வந்தது. பழைய நிலையே நீடித்திருந்தால் 6,400 பேர் மேலதிகமாக மாண்டிருப்பர் என்று கணக்கு; மாண்டவர் சுமார் 2,000. நாலாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் தப்பின. அந்த மூன்று ஆண்டுக்குள் பிரெஞ்சுக்காரர் எல்லோர் வீட்டிலும் குளிரூட்டி முளைத்துவிடவில்லை. ஆட்சி விழித்தது, மக்கள் உயிர் தப்பினர்.

சிக்காகோ நகருக்கு வருவோம். 1995 யூலையில் அங்கே மேலதிகமாக மாண்டவர் 739 பேர். வீட்டில் இயங்கும் குளிரூட்டி உடையோர் பெரும்பாலும் தப்பினர் என்பது உண்மை. ஆனால் எரிக் கிளினென்பேர்க் என்ற சமூகவியலறிஞர் அருகருகே உள்ள இரண்டு வட்டாரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் வறியோர் உண்டு, தனித்த முதியோர் உண்டு, வெயிலும் ஒன்றே. ஆயினும் வட லோண்டேலில் இலட்சத்துக்கு 40 பேர் மாண்டனர். தென் லோண்டேலில் 4 பேர். ஒன்றிலே கடையுண்டு, தெருவிலே நடமாட்டமுண்டு, கிழவி வெளியே வந்தால் விசாரிக்க ஆளுண்டு. மற்றதிலே தொழிற்சாலைகள் மூடப்பட்டு, கடைகள் பூட்டப்பட்டு, அச்சத்தினால் முதியோர் கதவடைத்துக் கிடந்தனர். அயலவன் என்ற ஒருவன் இருப்பதும் இல்லாதிருப்பதும் பத்து மடங்கு வேறுபாடாயிற்று.

இனி, பொறி இருந்தும் மாண்ட கதை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரை உள்ளடக்கிய மரிக்கோப்பா மாவட்டத்தில் 2023 இல் 645 பேர் வெப்பத்தால் மாண்டனர். ஏறக்குறையப் பாதிப்பேர் வீடற்றோர். வீட்டினுள் மாண்டோரில் பெரும்பாலோர் வீட்டிலே குளிரூட்டி இருந்தது. அது பழுதுபட்டோ நிறுத்தப்பட்டோ கிடந்தது. அதே மாநிலத்தில் 2018 இல் கட்டண நிலுவைக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் முதியவர் ஒருவர் மாண்டார். அடுத்த ஆண்டுதான் கோடை மாதங்களில் மின் துண்டிப்பதற்குத் தடை வந்தது. புளோரிடாவில் 2017 இல் புயலினால் மின்சாரம் போய், முதியோர் இல்லமொன்றின் குளிரூட்டி நின்றது; 12 பேர் உயிரிழந்தனர். தெருவைக் கடந்தால் வைத்தியசாலை! அதற்குப் பின்னரே அத்தகைய இல்லங்களில் மின்பிறப்பாக்கி கட்டாயமாயிற்று. யப்பானில் பத்தில் ஒன்பது வீடுகளில் குளிரூட்டி உண்டு. ஆயினும் 2018 இல் 1,581 பேர் வெப்பத்தாக்கத்தால் மாண்டனர் என்பது அரசின் பதிவு. பொறி இருந்தும் இயக்காதிருந்த முதியோர் பலர்.

ஆகவே பொறி ஒரு கருவி. மின்சாரம், கட்டணம், பழுது பார்ப்பு, கதவைத் தட்டும் கை ஆகிய நான்கும் சேர்ந்தாலன்றி அக்கருவி சுவரில் தொங்கும் வெறும் பெட்டியே.

நிழலுக்கும் அனுமதிச் சீட்டு

ஒரே வெயில், ஒரே இடம், ஒரே நாள். ஆனால் சாவு ஒருவனுக்கு, வாழ்வு மற்றவனுக்கு. இதனைத் தெளிவாகக் காட்டியது 2024 இன் ஹஜ் யாத்திரை. மக்காவில் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. 1,301 யாத்திரிகர் மாண்டதாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் அனுமதிப் பத்திரம் இல்லாதவர்கள். நிழலும் ஒதுக்கிடமும் இன்றி வெயிலிலே நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று அதே அரசு கூறிற்று. குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அனுமதி பெற்றோருக்கே உரியவை. இதைச் சொல்லி அரசு தன் பொறுப்பைக் கழுவ எண்ணியதோ நாம் அறியோம். எமக்கோ அது குற்றப்பத்திரிகை போலவே தெரிகின்றது. பத்திரமின்மை தவறாயிருக்கலாம், அதற்குத் தண்டனை மரணமென்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

கட்டாரைப் பாருங்கள். 2009 முதல் 2017 வரை அங்கே இருதய நோயால் மாண்டதாக எழுதப்பட்ட நேபாளத் தொழிலாளர் 571 பேரில், வெப்பத்திலிருந்து காப்பளித்திருந்தால் 200 பேர் வரை பிழைத்திருக்கக்கூடும் என்று 2019 இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2021 இல்தான் கோடையில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலைக்குத் தடை விரிவாக்கப்பட்டது. நேபாளத்துப் பையன்கள் மட்டுமா அங்கே செங்கல் சுமந்தனர்? நமது நாட்டுப் பிள்ளைகளும் சுமந்தனர். "இயற்கை மரணம்" என்ற இரண்டு சொல்லுடன் பெட்டி வந்து இறங்கினால், தாய் எவரிடம் போய் வழக்குத் தொடுப்பாள்? இருபத்தெட்டு வயதில் இருதயம் நிற்பது எவ்வகை இயற்கை?

செல்வ நாடுகள் இதில் மேல் என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியா 2005 இல் வயற்றொழிலாளருக்கு நீரும் நிழலும் ஓய்வும் கட்டாயமாக்கியது. வயலிலே தொழிலாளர் மாண்ட பின்னரே அதுவும் நடந்தது. டெக்சாஸ் மாநிலமோ 2023 இல், கட்டடத் தொழிலாளருக்கு நீர் அருந்த ஓய்வளிக்கும் நகரசபை விதிகளையே செல்லாதாக்கும் சட்டத்தை இயற்றியது. புளோரிடா 2024 இல் பின்தொடர்ந்தது. தண்ணீர் குடிக்கும் பத்து நிமிடத்தையும் சட்டத்தால் பறிக்கலாம் என்று காட்டிய பெருமை அவ்விரு மாநிலங்களையும் சாரும். அவற்றை இயற்றிய சபா மண்டபங்களில் குளிரூட்டி ஓயாது இயங்குகின்றது!

இந்தியாவில் 2024 யூன் முதலாந் திகதி, தேர்தலின் இறுதி நாளில், உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தற் பணியாளர் 33 பேர் வெப்பத்தில் மாண்டதாக அதிகாரிகளே அறிவித்தனர். சனநாயகத்தின் திருவிழாவை நடத்தச் சென்றவர்கள் அவர்கள். திகதியைக் குறித்தவர்கள் வெயிலைக் குறிக்கவில்லை.

ஆடம்பரம் என்போருக்கு

இனி மறு கட்சியாரைக் கூண்டில் ஏற்றுவோம். குளிரூட்டி மின்சாரத்தை விழுங்குகின்றது, தெருவுக்கு வெப்பத்தை உமிழ்கின்றது, அதனுள் இருக்கும் வாயு வெளியேறினால் வானத்தைக் கெடுக்கின்றது என்கின்றனர். மூன்றும் உண்மை. குளிரூட்டியும் மின்விசிறியுமாக உலக மின்சாரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை உண்கின்றன என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் 2018 இல் கணக்குக் காட்டியது. அவ்வாயுக்களைக் குறைக்க 2016 இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. அந்த உடன்பாட்டை நாமும் வரவேற்கிறோம்.

ஆனால் அதே முகவரகத்தின் மற்றோர் எண்ணை இவர்கள் மறைப்பது ஏன்? உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழும் 280 கோடி மக்களில் குளிரூட்டி உடையோர் அன்று நூற்றுக்கு 8 பேரே. அமெரிக்காவிலும் யப்பானிலும் நூற்றுக்குத் தொண்ணூறு. வானத்தைக் கெடுத்தவன் ஒருவன். வெயிலில் வேகிறவன் வேறொருவன். வேகிறவனைப் பார்த்து, "நீ துறவு பூண்டு உலகைக் காப்பாற்று" என்று சொல்வது அறமா? விருந்துண்டு ஏப்பம் விட்டவன் பட்டினி கிடப்பவனுக்கு உபவாசத்தின் சிறப்பை உபதேசிப்பது போலல்லவா இருக்கிறது!

சிங்கப்பூரின் லீ குவான் யூ, தாம் பிரதமரானதும் முதலிற் செய்த காரியங்களில் ஒன்று அரச அலுவலகங்களுக்குக் குளிரூட்டி பொருத்தியது என்று சொன்னவர். வெப்பநாட்டு மனிதனின் உழைப்பை அது உயர்த்தியது என்பதை மறுக்கவில்லை. நாம் கேட்பது வரிசையை மட்டுமே. எழுதுவினைஞர் மேசைக்கு முன்னர் நோயாளியின் கட்டில். பண்டசாலைக்கு முன்னர் முதியோர் இல்லம். விற்பனை மண்டபத்துக்கு முன்னர் மகப்பேற்று விடுதி. இந்த வரிசையை ஏற்பீர்களாயின் மீதியை நிழலும் நேரமும் பார்த்துக்கொள்ளும்.

ஆம், பொறியின்றியும் பல உயிரைக் காக்கலாம். குசராத்தின் அகமதாபாத்தில் 2010 மே மாதத்தில் வழமையை விட 1,344 பேர் அதிகமாக மாண்டனர். 2013 இல் அந்நகரம் தென்னாசியாவின் முதலாவது வெப்பச் செயற்றிட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை, வைத்தியர் பயிற்சி, தண்ணீர்ப் பந்தல், பின்னர் வெள்ளை பூசிய கூரை: இவ்வளவே. ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அதனால் தப்பின என்று பின்வந்த ஆய்வு மதிப்பிட்டது. நடு அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் தொழிலாளர் சிறுநீரகம் கெட்டு இளமையிலே மாண்டு வந்தனர். நீர், நிழல், ஓய்வு மூன்றையும் முறையாக அளித்த இடங்களில் அந்தக் கேடு குறைந்தது. தமிழ்நாட்டரசு 2024 ஒக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, மாண்டோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபா இழப்பீடும் விதித்தது. சட்டம் பெயரிட்டு அழைத்த பின்னரே ஒரு துன்பம் துன்பமாகக் கணக்கில் ஏறும்.

நமது வாசலில்

ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகின்றது. வடக்கும் கிழக்கும் வறள்கின்றன. வெப்பச் சுட்டெண் குறித்து வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுக்கின்றது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைப்பவன் அதனைக் கேட்டு என்ன செய்வான்? எச்சரிக்கை காகிதத்தில் நிற்கின்றது. மண்வெட்டி அவன் கையில் நிற்கின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை எவரும் மறந்திரார். மின்விசிறியும் சுழலாத அந்த இரவுகளில் எத்தனை முதியோர் தளர்ந்தனர் என்று எவரேனும் எண்ணினரா? எண்ணாத உயிருக்கு வழக்கில்லை; வழக்கில்லாத உயிருக்கு நீதியில்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை:

முதலாவது, கணக்கு. மாவட்டம் மாவட்டமாக, மாதந்தோறும், வழமைக்கு மேற்பட்ட மரணங்களின் தொகையை அரசு வெளியிடல் வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி, இறந்தவன் எங்கே எந்த வேளையில் என்ன வேலையில் இருந்தான் என்று கேட்டு எழுதக் கடமைப்பட்டவராதல் வேண்டும்.

இரண்டாவது, குளிர்ந்த அறை. அரச வைத்தியசாலை ஒவ்வொன்றிலும், முதியோர் இல்லம் ஒவ்வொன்றிலும் குளிரூட்டிய அறை ஒன்றேனும், அதற்கு மின்பிறப்பாக்கியும் வேண்டும்.

மூன்றாவது, வேலை நேரம். வெப்பம் எல்லை கடந்த நாளில் வீதியிலும் கட்டடத்திலும் தோட்டத்திலும் வயலிலும் உழைப்போர்க்கு உச்சி வேளையில் கட்டாய ஓய்வும், நிழலும், நீரும் வேண்டும். அந்த ஓய்வுக்குக் கூலி குறைக்கலாகாது. குறைத்தால் அவன் ஓய்வெடான், உழைத்தே சாவான்.

நான்காவது, கடுங்கோடை மாதங்களில் முதியோரும் நோயாளரும் வாழும் வீட்டின் மின்சாரத்தை நிலுவைக்காகத் துண்டித்தலைச் சட்டம் தடுத்தல் வேண்டும்.

ஐந்தாவது, வளைகுடா நாட்டில் மாளும் நம்மவர் ஒவ்வொருவருக்கும் பிரேத பரிசோதனை அறிக்கை. "இயற்கை மரணம்" என்ற முத்திரையை நமது தூதரகம் வாய்மூடி ஏற்கலாகாது.

ஆறாவது, கிராம அலுவலர் கையில் தனித்து வாழும் முதியோர் பதிவேடு. இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும்.

இவை அரசின் கடமை. நமக்கும் கடமை உண்டு. வைத்தியர்களே, பத்திரத்தில் வெப்பத்தின் பெயரை எழுத அஞ்சாதீர்கள். நீங்கள் எழுதும் அந்த ஒரு சொல்லே நாளைய சட்டத்துக்கு அத்திவாரம். சட்டத்தரணிகளே, மாண்டவன் குடும்பம் வாசலுக்கு வரும்வரை காத்திராதீர்கள். ஆசிரியர்களே, பிள்ளைகளை உச்சி வெயிலில் அணிவகுத்து நிறுத்திவிட்டு நிழலில் நின்று பேசாதீர்கள். கமக்காரர்களே, பதினொரு மணிக்கு மேல் மூன்று மணி வரை மண்வெட்டியைக் கீழே வையுங்கள். தலை சுற்றி, வியர்வை நின்று, பேச்சுத் தடுமாறுபவனை நிழலுக்குக் கொண்டுபோய் உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள், உடனே வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள். காற்றின் வெப்பம் 40 பாகையை எட்டிவிட்டால் மின்விசிறி மட்டும் துணை செய்யாது, வெந்த காற்றையே வீசும் என்பதையும் வீட்டிலுள்ளோர்க்குச் சொல்லிவையுங்கள்.

பிரான்சு பதினையாயிரம் பேரை இழந்த பின்னர் விழித்தது. அகமதாபாத் ஆயிரத்து முந்நூறு பேரை இழந்த பின்னர் விழித்தது. நமது நாடு விழிப்பதற்கு எத்தனை பேரை விலையாகக் கேட்கின்றது? இந்தக் கேள்வியை அடுத்த கோடை வருமுன் உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம், உங்கள் பிரதேச சபையிடம், எழுத்திலே கேளுங்கள். விடையையும் எழுத்திலே பெறுங்கள். எழுத்தில் உள்ளதுதான் நாளை சாட்சியாக நிற்கும்.